ஆஸ்பத்திரி வாடை அடிக்கும் விஸ்கி கெட்டுப்போனதா?

கேள்வி: ஸ்காட்லாந்து போய்வந்த நண்பர் ஒருவர் ஐலா தீவில் தயாரான சிங்கிள் மால்ட் பாட்டில் ஒன்றை எனக்கு வாங்கி வந்தார். லேபிளில் 5 வருடம், 47 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் என்று இருக்கிறது. மூடியைத் திறந்தால் டிஞ்சரும் பேண்டேஜும் கலந்த ஆஸ்பத்திரி வாடை. ராவாக ஒரு வாய் குடித்தேன். அடுப்புச் சாம்பலை நக்கியது போல இருந்தது. சரக்கு கெட்டுவிட்டதா? வெறும் 5 வருட விஸ்கிக்கு நல்ல விலை கொடுத்திருக்கிறார், ஏமாந்துவிட்டாரா? இதை எப்படித்தான் ருசிப்பது?

பதில்: கெடவில்லை. நீங்கள் குறை என்று சொல்லும் வாடைக்காகத்தான் உலகம் முழுக்க ஒரு கூட்டம் இந்த விஸ்கியைத் தேடி வாங்குகிறது. உங்கள் மூக்கும் பொய் சொல்லவில்லை. ஒரு காலத்தில் ஆஸ்பத்திரிகளில் கிருமி கொல்லப் பயன்பட்ட கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனாலேதான். கிரெசால் அதற்குப் பங்காளி. இரண்டும் உங்கள் கோப்பையில் துளித்துளியாக இருக்கின்றன.

அவை எப்படி அங்கே வந்தன? ஐலாவில் மரம் குறைவு, சதுப்பு நிலம் அதிகம். பாசியும் புதரும் ஆயிரக்கணக்கான வருடங்களாக அங்கே மட்கி, மண்ணும் இல்லாமல் கரியும் இல்லாமல் நடுவில் நிற்கும் பொருள்தான் பீட். அதை வெட்டிக் காயவைத்து எரிபொருளாக்குவார்கள். விஸ்கிக்கான பார்லியை முதலில் ஊறவைத்து முளைகட்ட வேண்டும், நாம் பயறு முளைகட்டுவது போல. முளை மேலே வளர்ந்து மாவுச்சத்தைத் தின்றுவிடாமல் சூடு காட்டி நிறுத்துவார்கள். இப்படி முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட். அந்தச் சமயத்தில் கீழே பீட்டைப் புகைய விட்டால், ஈரமான உமியில் புகையும் அதிலுள்ள ஃபீனால்களும் ஒட்டிக்கொள்ளும். உமி காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் பெரிதாக ஒட்டாது.

எத்தனை புகை என்பதை பிபிஎம் கணக்கில் சொல்வார்கள், அதாவது பத்து லட்சத்தில் இத்தனை பங்கு ஃபீனால். இந்த எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அது மால்ட் பார்லியில் எடுத்த அளவு, பாட்டிலில் எடுத்தது அல்ல. ஊறல், நொதித்தல், வடித்தல் எல்லாம் தாண்டி வரும்போது பெரும்பகுதி போய்விடும். வடிக்கும்போது ஃபீனால்கள் கடைசிப் பகுதியில்தான் அதிகம் இறங்கும். எந்த இடத்தில் சேகரிப்பதை நிறுத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துப் புகையின் கனம் மாறும். லகவூலின், கல் ஈலா என்ற ஐலா வடிப்பாலைகள் இரண்டுக்கும் போர்ட் எல்லன் மால்ட் ஆலையிலிருந்து ஏறக்குறைய ஒரே அளவு புகையேறிய பார்லி, சுமார் 35 பிபிஎம், போகிறது. ஆனால் லகவூலின் அடர்த்தியாகவும் கல் ஈலா மெலிந்து சுத்தமாகவும் இருக்கும். ப்ருக்லாடி வடிப்பாலையின் ஆக்டோமோர் வரிசையில் 309 பிபிஎம் மால்ட்டில் செய்த ஒன்றுகூட வந்தது. அதைக் குடித்தால் 40 பிபிஎம் விஸ்கியைப் போல ஏழு மடங்கு புகைக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

சரி, 5 வருடம் விஷயத்துக்கு வருவோம். ஸ்காட்ச் என்று பெயர் வைக்க ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம் இருந்தால் போதும். லேபிளில் போடும் வயது, உள்ளே கலந்தவற்றில் ஆக இளையதன் வயது. நம் ஆட்களுக்கு 12, 18, 21 என்று எண் ஏற ஏறத்தான் மரியாதை. புகை விஸ்கியில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. பீப்பாயில் வருடம் போகப் போகப் புகை தணியும். மரத்தின் இனிப்பும் வெனிலாவும் மேலே வரும். புகையைப் பச்சையாக, முரட்டுத்தனமாக வேண்டும் என்பவர்களுக்கு இளமையில் அடைத்ததுதான் சரி. ஐலாவின் ஆர்ட்பெக் வடிப்பாலை 2020இல் 5 வருட விஸ்கி ஒன்றை 47.4 சதவீதத்தில் கொண்டுவந்து, அதற்கு வைத்த பெயரே வீ பீஸ்டி, குட்டி மிருகம். லகவூலின் தன் 200ஆம் ஆண்டை ஒட்டி 2016இல் வெளியிட்டது 8 வருட விஸ்கியை, 48 சதவீதத்தில். 10, 15 வருடம் கிடங்கில் பூட்டிவைக்காமலே காசு வருகிறது என்ற கணக்கும் இதில் உண்டு. அதை மறைப்பானேன்? ஆனால் அது மட்டும் காரணமல்ல.

இனி ருசி. முதலில் அறை. ஊதுபத்தி, கொசுவத்தி, பக்கத்து அடுப்பில் தாளிப்பு, எதுவும் வேண்டாம். வாய் குறுகி அடி பருத்த சிறிய கண்ணாடிக் கோப்பை நல்லது. ட்யூலிப் வடிவம் என்பார்கள், சின்ன ஒயின் கிளாஸும் போதும். சோப்பு வாடை இருந்தால் வெந்நீரில் இன்னொரு தடவை கழுவுங்கள். 20 மில்லி ஊற்றினால் தாராளம். நம் ஊர் வெயில் நாளில் அறை 32, 33 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் ஆவி மூக்கைக் குத்திவிடும், வேறொன்றும் தெரியாது. வெறும் கிளாஸைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து அதில் ஊற்றுங்கள். ஐஸ் வேண்டாம். குளிரில் மணம் அடங்கிவிடும், நாம் தேடுவதே மணத்தைத்தான்.

கோப்பையைத் தாடைக்கு நேராகப் பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு லேசாக முகருங்கள். மூக்கை உள்ளே விடாதீர்கள். முதல் சுற்றில் புகை மட்டும்தான் தெரியும். தெரியட்டும். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் வேறு பேச்சுப் பேசுங்கள். பெருங்காய டப்பா திறந்து கிடக்கும் அறைக்குள் நுழைந்ததும் அது மட்டும்தான் தெரியும். கொஞ்ச நேரம் உள்ளேயே இருந்தால் அது மறைந்து, அறையில் உள்ள மற்றதெல்லாம் தெரியத் தொடங்கும். இங்கே நடப்பதும் அதேதான். மூக்கு புகைக்குப் பழகிய பிறகுதான் விஸ்கியே ஆரம்பிக்கிறது. எலுமிச்சைத் தோல் வரும். பச்சைப் பேரிக்காய் வரும், அது இளம் விஸ்கியின் கையெழுத்து. வெனிலா, ஈரத் தானியம், உப்புக்காற்று எல்லாம் ஒவ்வொன்றாக வரும்.

ஆங்கிலக் குறிப்புகளில் புகைத்த மீன் என்று ஒன்று அடிக்கடி வரும். எனக்கு அது எப்போதும் மாசிக்கருவாடு. சூரையை அவித்து, புகையூட்டி, காயவைத்த அந்தக் கட்டையை ஒரு தடவை முகர்ந்தவர்களுக்கு இந்த விஸ்கியின் பாதி புரிந்துவிடும். அடுத்தவர் குறிப்பில் இருப்பதையே நீங்களும் கண்டுபிடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தார் போட்ட புது ரோடு, கயிறு, விறகடுப்பு என்று உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்கள்.

முதல் மடக்கை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்லக் கூடாது. நீங்கள் செய்த தவறு அதுதான். அந்த மடக்கு நாக்கைப் பழக்குவதற்கு. அரை டீஸ்பூன் அளவு எடுத்து, வாய் முழுக்கப் புரட்டி, மெதுவாக விழுங்கி, மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். பின்தொண்டையிலிருந்து புகை ஏறி வரும். இரண்டாவது மடக்கில் முதலில் இனிப்பு தெரிவதைக் கவனியுங்கள். மால்ட்டின் இனிப்பு, அப்புறம் மிளகுக் காரம், அதன் பிறகுதான் சாம்பல். சாம்பல் நெடுநேரம் நிற்கும்.

அடுத்தது தண்ணீர். தண்ணீர் விட்டால் விஸ்கிக்கு அவமானம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். 20 மில்லியில் அரை டீஸ்பூன் விட்டால் ஏறக்குறைய 42 சதவீதம் ஆகும். ஒரு டீஸ்பூன் விட்டால் 38. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் இதைக் கணினியில் உருவகப்படுத்திப் பார்த்தார்கள். புகை மணம் தரும் குவாயகால் என்ற மூலக்கூறு, 45 சதவீதம் வரை ஆல்கஹால் உள்ள கலவையில் திரவத்தின் மேற்பரப்பை ஒட்டி நிற்கிறது. 59 சதவீதத்தைத் தாண்டினால் ஆல்கஹால் சூழ்ந்துகொள்ள உள்ளே இறங்கிவிடுகிறது. அதனால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு தடவையும் முகர்ந்து பாருங்கள். லேசாகக் கலங்கினால் பயப்படாதீர்கள். குளிர வைத்து வடிகட்டாத விஸ்கி தண்ணீர் பட்டால் அப்படித்தான் செய்யும்.

உங்கள் நண்பர் ஏமாந்தாரா என்ற கேள்விக்கும் தண்ணீரிலேயே பதில் இருக்கிறது. புகை ஒரு கெட்டிக்காரத் திரை. சரியாக முதிராத சரக்கின் பல குறைகளை மூடிவிடும். கோப்பையில் கடைசியாக மிஞ்சியதில் சம அளவு தண்ணீர் விடுங்கள். விஸ்கி கலப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களும் 20 சதவீதம் அளவுக்குக் குறைத்துத்தான் முகர்வார்கள். இப்போது புளித்த மாவு, நெயில் பாலிஷ், வேகாத தானியம் என்று மேலே வந்தால், பீப்பாய் தன் வேலையை முடிக்கும் முன்பே எடுத்துவிட்டார்கள் என்று பொருள். எலுமிச்சையும் மால்ட் இனிப்பும் அப்போதும் தாக்குப்பிடித்தால், கொடுத்த காசு வீணில்லை. என் அனுபவத்தில் ஐலாவின் பெயர் பெற்ற வடிப்பாலைகளின் இளம் விஸ்கிகள் பெரும்பாலும் இதில் தேறிவிடுகின்றன. காலிக் கோப்பையைக் கழுவாமல் வைத்து மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள், புகை இன்னும் அங்கேயே இருக்கும். ஆல்கஹால் போன பிறகு தெரியும் அந்த மணம் சில நேரம் குடித்ததைவிட நன்றாக இருக்கும்.

சைடு டிஷ்ஷாக மிளகாய் பஜ்ஜியும் ஊறுகாயும் வேண்டாம், நாக்கு மரத்துவிடும். உப்பிட்ட முந்திரி போதும். ஐலாவில் பச்சைச் சிப்பியோடு குடிப்பார்கள். ருசி பார்க்கும் வேலை முடிந்த பிறகு ஐஸும் சோடாவும் தாராளமாகச் சேர்க்கலாம், புகை விஸ்கி சோடாவில் அழகாக நிற்கும். கோலா மட்டும் என் மனம் ஒப்பவில்லை. பாட்டிலை ஒயின் போலப் படுக்க வைக்காதீர்கள், ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பாதிக்குக் கீழே இறங்கியதும் ரொம்ப நாள் இழுக்காதீர்கள், புகை மெல்ல மங்கத் தொடங்கும்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், மூன்று தடவை, கொஞ்சம் கொஞ்சமாகப் பாருங்கள். மூன்றாவது தடவையும் அடுப்புச் சாம்பல்தான் என்றால், வாங்கி வந்த நண்பரையே வீட்டுக்குக் கூப்பிட்டு ஊற்றிக் கொடுங்கள். அவருக்குப் பிடித்துத்தானே வாங்கியிருப்பார்.