பழைய பாசறை வளாகத்தைக் கலை நிகழ்ச்சிகளால் உயிர்ப்பிக்க முடியுமா?

முடியும், ஆனால் காட்சிக்கூடங்களை மட்டும் நம்பினால் நடக்காது. நம்ம சிங்கப்பூர் கில்மன் பேரக்ஸையே பாருங்கள். 1936இல் பிரிட்டிஷ் படைக்காகக் கட்டிய இடம், 2012இல் கலை வளாகமாகத் திறந்தது. மூன்றே ஆண்டில் பல காட்சிக்கூடங்கள் மூட்டை கட்டின. கூட்டம் சேரவில்லை, போதாததற்கு லாப்ரடார் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க நடக்க வேறு வேண்டும். பகலில் போனால், ஏர்கான் அறையில் ஓவியமும் நாமும்தான்.

அங்கே இரவில் கதவு திறந்து வைக்கும் 'ஆர்ட் ஆஃப்டர் டார்க்' நிகழ்ச்சி இரவுகளில் கதையே வேறு. இசை, தீனி, திறந்தே கிடக்கும் கதவுகள். விலை விசாரிக்க வராத பிள்ளைகுட்டிக்காரர்கள் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். வளாகத்தைப் பிழைக்க வைப்பது அந்தப் படிக்கட்டுதான் என்பேன். பக்கத்து அடுக்குமாடி புளோக்குக்காரர்களுக்குக் கோலம் போடவோ மத்தளம் தட்டவோ மாதம் ஒரு நாள் இடம் கொடுங்கள். அடுத்த மாதம் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வருவார்கள்.