ஸ்டீயரிங் ஆயிலில் காற்று: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய இன்னோவா வைத்திருக்கிறேன். போன மாதம் ஸ்டீயரிங் ஹோஸ் மாற்றினோம். அன்றிலிருந்து ஒடிக்கும்போதெல்லாம் முனகல் சத்தம். பம்ப் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். ஹோஸைக் கழற்றியபோது உள்ளே போன காற்றை யாரும் சரியாக எடுக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நீங்களே பார்த்துவிடலாம். பானட்டைத் திறந்து ஆயில் டேங்க் மூடியைக் கழற்றுங்கள். இன்ஜின் ஓடட்டும். வீட்டில் ஒருவரை ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஒடிக்கச் சொல்லிவிட்டு, டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல ஆயில் தெளிந்த சிவப்பாக இருக்கும். காற்று கலந்திருந்தால் ரோஸ் மில்க் மாதிரி வெளுத்து நுரைத்து நிற்கும்.

பம்ப் அழுத்தித் தள்ளும் ஆயில்தான் ஸ்டீயரிங்கை லேசாக ஒடிக்க உதவுகிறது. ஆயிலை அமுக்க முடியாது, காற்றை அமுக்கலாம். பம்ப் தள்ளும் அழுத்தத்தில் ஒரு பகுதி அந்தக் குமிழிகளை நசுக்குவதிலேயே போய்விடுகிறது. அதனால்தான் முனகலும், ஸ்டீயரிங் ஒரு நேரம் லேசாகவும் ஒரு நேரம் கனமாகவும் இருப்பதும். ஆனால் இப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் பம்ப் உண்மையிலேயே போய்விடும். பம்புக்கு மசகும் அதே ஆயில்தான்.

காற்றை வீட்டிலேயே எடுக்க முடியுமா?

தாராளமாக. பொறுமைதான் வேண்டும். பலரும் ஆயிலை ஊற்றியதும் சாவியைத் திருகிவிடுகிறார்கள். இன்ஜின் ஓடினால் பம்ப் பெரிய குமிழிகளை அடித்துப் பொடியாக்கி, மோர் கடைந்த மாதிரி ஆக்கிவிடும். பொடிக் குமிழி மேலே வர மணிக்கணக்காகும். அதனால் முதல் சுற்று இன்ஜினை அணைத்துவிட்டுத்தான்.

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். முன் சக்கரங்கள் இரண்டையும் ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் கையைக்கூட நீட்டாதீர்கள். டேங்க் மூடியைத் திறந்து வைத்து, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாக 15, 20 தடவை ஒடியுங்கள். டேங்கில் குமிழி 'புளுக் புளுக்' என்று வரும், ஆயில் இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். ஒரு தடவை டேங்க் வறண்டாலும் மறுபடி காற்று போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

குமிழி நின்றதும் வண்டியை இறக்கி, இன்ஜினைப் போட்டுச் சில நிமிடம் ஐடிலில் விடுங்கள். பிறகு ஒரு கோடிக்கு ஒடித்து 2, 3 விநாடி நிறுத்தி, அடுத்த கோடிக்குப் போங்கள். சில தடவை போதும். கடைசியாக ஆயில் மட்டத்தைக் கவனித்துக்கொண்டே இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். அணைத்ததும் மட்டம் சட்டென்று ஏறினால் காற்று இன்னும் இருக்கிறது. டொயோட்டா கணக்குப்படி 5 மி.மீ.க்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் ஓர் இரவு அப்படியே விட்டு, காலையில் மறுபடி செய்யுங்கள்.

இரண்டு முறை எடுத்தாயிற்று, பத்து நாளில் சத்தம் திரும்பி வருகிறது. எங்கும் ஆயில் ஒழுகவில்லை.

ஒழுகாததுதான் இதில் குழப்பம். டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸ் உறிஞ்சும் பக்கம். அங்கே ஆயில் வெளியே சொட்டாமலேயே காற்று உள்ளே போகும். என்னிடம் ஒரு வண்டி மூன்று தடவை இதற்காகவே வந்தது. கிளாம்ப் இறுக்கமாகத்தான் இருந்தது. இன்ஜின் ஓடும்போது ஹோஸ் வாயைக் கட்டைவிரலால் அழுத்தினேன், முனகல் நின்றது. விரலை எடுத்தேன், திரும்ப வந்தது. ரப்பர் வாய் காய்ந்து கல்லாகியிருந்தது. ஒரு சாண் ஹோஸும் புது கிளாம்பும் போட்டதோடு சரியாகிவிட்டது. அந்தப் பக்கத்து ஹோஸ், கிளாம்ப், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மூன்றையும் மாற்றிவிட்டு அப்புறம் காற்றை எடுங்கள். விரலால் பார்க்கும்போது பெல்ட், ஃபேன் பக்கம் கை, சட்டை எதுவும் போகக் கூடாது.

அவசரத்துக்கு பிரேக் ஆயில் ஊற்றலாமா?

கூடவே கூடாது. பிரேக் ஆயில் கிளைகால் வகை. ஸ்டீயரிங் சீல்கள் அதில் ஊறி உப்பிவிடும், அப்புறம் ராக் (சக்கரங்களைத் திருப்பும் பகுதி), பம்ப் இரண்டுக்கும் செலவு. டேங்க் மூடியிலோ கையேட்டிலோ என்ன போட்டிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். இன்னோவாவுக்கு டெக்ஸ்ரான் ரக ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் ஆயில்). ஹோண்டா தனக்கென்று தனி ஆயில் கேட்கும்.

என் 2018 ஸ்விஃப்ட்டில் ஸ்டீயரிங் ஆயில் டேங்கையே காணோமே?

அது எலக்ட்ரிக் ஸ்டீயரிங். மோட்டார்தான் உதவுகிறது. ஆயிலும் இல்லை, எடுக்கக் காற்றும் இல்லை. யாராவது "ஆயில் மாற்றினோம்" என்று பில் போட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

பொலேரோவில் முழுக்க ஒடித்துப் பிடித்தால் மட்டும் 'சீய்ங்' என்று சத்தம் வருகிறது. காற்றா?

ஆயில் தெளிவாக, மட்டம் சரியாக இருந்தால் காற்று இல்லை. கோடியில் பிடிக்கும்போது அழுத்தம் உச்சத்துக்குப் போய், அதைத் தணிக்கும் ரிலீஃப் வால்வு திறக்கிற சத்தம் அது. 5 விநாடிக்கு மேல் அப்படிப் பிடிக்காமல், அரை அங்குலம் திருப்பி விடுங்கள், சத்தம் போய்விடும்.