கேள்வி பதில்: லண்டனின் பழைய தீக்காப்பீட்டுப் பதிவேடுகள்

கே: 1780களில் லண்டனில் கடை வைத்திருந்த ஒருவரைப் பற்றித் தேடுகிறேன். ‘சன்’ தீக்காப்பீட்டு நிறுவனத்தின் பதிவேடுகளைப் பார்க்கச் சொல்கிறார்கள். அதில் என்ன கிடைக்கும்? எப்படித் தேடுவது?

ப: சன் நிறுவனம் 1710இல் தொடங்கியது. அதன் பாலிசிப் பதிவேடுகள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. ஒரு பதிவில் பொதுவாக பாலிசி எண், காப்பீடு எடுத்தவரின் பெயர், தொழில், முகவரி, பிரீமியம் ஆகியவை இருக்கும். கட்டடம் செங்கல்லா மரமா, மேலே ஓடா வைக்கோலா என்பதும் தெரியும். வீட்டுச் சாமான், துணிமணி, வெள்ளிப் பொருள், கடைச் சரக்கு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகை எழுதியிருப்பார்கள். வாடகைக்கு விட்ட வீடு என்றால் குடியிருப்பவரின் பெயரும் தொழிலும் அகப்படலாம். வாக்காளர் பட்டியலில் வராத சிறு வியாபாரிகளையும் விதவைகளையும் இங்கே பார்க்க முடிவது இதனால்தான்.

பதிவேடுகள் பெயர்வாரியாகவோ தெருவாரியாகவோ அடுக்கப்படவில்லை. பாலிசி எண் வரிசைதான். எண் தெரிந்தால் நேரே அந்தத் தொகுதிக்குப் போகலாம். பெயர் மட்டும் தெரிந்தால் தன்னார்வலர்கள் தயாரித்த அட்டவணைகளில் முதலில் தேடுங்கள். குடியிருந்தவராக அவர் பெயர் வேறொருவர் பாலிசிக்குள் ஒளிந்திருக்கலாம், அதையும் விட்டுவிடாதீர்கள். 1793 முதல் லண்டனுக்கு ஒன்று, வெளியூர்களுக்கு ஒன்று என இரண்டு வரிசைகள். இரண்டையும் பார்க்க வேண்டும்.

பலர் சறுக்குவது ஓர் இடத்தில். பதிவேட்டில் புதிய பாலிசிதான் ஏறும். ஆண்டுதோறும் பிரீமியம் கட்டிப் புதுப்பித்தது அதில் வராது. 1781இல் ஒரு பதிவு, அடுத்தது 1789இல் என்றால் இடையில் கடையை மூடிவிட்டார் என்று எழுதிவிடக் கூடாது. தொகையோ இடமோ மாறியபோதுதான் புது எண் விழுந்திருக்கும்.

கே: காப்பீட்டுத் தொகையை வீட்டின் விலையாகக் கொள்ளலாமா?

ப: கூடாது. நிலம் எரிவதில்லை, அதனால் அதன் மதிப்பு சேராது. முழு மதிப்புக்குக் காப்பீடு செய்யாதவர்களும் நிறைய. பெரிய ஆலை, கிடங்கு என்றால் ஒரே நிறுவனம் மொத்த ஆபத்தையும் ஏற்காது. சன், ராயல் எக்ஸ்சேஞ்ச், ஃபீனிக்ஸ் எனப் பல காப்பீட்டு நிறுவனங்கள் பிரித்துக்கொள்ளும். (1782இல் ஃபீனிக்ஸைத் தொடங்கியவர்களே சர்க்கரை சுத்திகரிப்பாளர்கள்தான், அவர்கள் தொழிலுக்குப் பிரீமியம் அவ்வளவு கடுமை.) ஒரு பதிவேட்டில் பார்த்த தொகை, அவர் சொத்தில் ஒரு துண்டாக இருக்கலாம்.

பிரீமியத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. 18ஆம் நூற்றாண்டில் சாதாரண ஆபத்துக்கு 100 பவுண்டுக்கு 2 ஷில்லிங் (அன்று ஒரு பவுண்டுக்கு 20 ஷில்லிங்), ஆபத்தானதற்கு 3, இரட்டை ஆபத்துக்கு 5 என்பது வழக்கமான விகிதம். 400 பவுண்டுக்குக் காப்பீடு செய்த செங்கல் வீட்டுக்கு 8 ஷில்லிங் வரும். பதிவில் 20 ஷில்லிங் இருந்தால், மரக் கட்டடமா, கூரை வைக்கோலா, தீப்பிடிக்கும் தொழிலா என்று பதிவைத் திரும்பப் படியுங்கள். 1782 முதல் அரசு 100 பவுண்டுக்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் வரி போட்டது. அது 1815இல் 3 ஷில்லிங் ஆனது. சாதாரண வீட்டுக்குப் பிரீமியத்தைவிட வரியே அதிகம்! 1869இல்தான் வரி நீங்கியது. வரியைப் பிரீமியத்தோடு கூட்டிவிடாமல் பாருங்கள்.

கே: பழைய வீட்டுச் சுவரில் ஈயத் தகடு ஒன்றில் எண் இருக்கிறது. அதுதான் பாலிசி எண்ணா?

ப: பெரும்பாலும் ஆம், முதலில் தகட்டின் சின்னம் எந்த நிறுவனத்துடையது என்று பாருங்கள். ஆனால் தகடுகள் இடம் மாறியிருக்கும், நகல்களும் உண்டு. எண்ணுக்குரிய பதிவில் உள்ள தெருவோடு ஒத்துப்போனால் மட்டும் நம்புங்கள். காப்பீட்டின் அடையாளமான இந்தத் தகடு இல்லாத வீட்டின் தீயை, காப்பீட்டு நிறுவனங்களின் தீயணைப்பு ஆட்கள் அணைக்காமல் நின்று வேடிக்கை பார்த்தார்கள் என்ற கதைக்கு நல்ல ஆதாரம் இல்லை.

கே: ஒரு பதிவில் ‘1735 பிப்ரவரி’ என்றிருக்கிறது. அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

ப: 1751 வரை இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25இல்தான் பிறந்தது. எனவே பழைய முறையில் எழுதியிருந்தால் அது நம் கணக்கில் 1736. முன்பின் பதிவுகளைப் பார்த்தால் ஆண்டு மாறும் இடம் தெரிந்துவிடும். குறிப்பெடுக்கும்போது 1735/36 என எழுதுவதே பாதுகாப்பு.

கே: ராயல் எக்ஸ்சேஞ்சின் ஆரம்பகாலப் பதிவேடுகள் ஏன் கிடைப்பதில்லை?

ப: 1838 ஜனவரியில், அந்த நிறுவனத்தின் அலுவலகம் இருந்த ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடமே எரிந்தது. தீக்காப்பீடு செய்தவர்களின் ஏடுகளில் பெரும்பகுதி அந்தத் தீயில்தான் போனது.