பழைய கொட்டகையை வீடாக்கலாமா? இங்கிலாந்து வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: ஹாரோவில் வாங்கிய வீட்டின் பின்தோட்டத்தில் பழைய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாவை அதில் தங்க வைக்கலாமா?

பதில்: சாப்பாடு, புழக்கம் எல்லாம் உங்களோடு சேர்ந்துதான் என்றால், பெரும்பாலும் தனி பிளானிங் பெர்மிஷன் (கவுன்சில் தரும் திட்ட அனுமதி) தேவைப்படாது. தனி வாசல், தனிச் சமையல், வாடகை என்று ஆரம்பித்தால் அது இன்னொரு வீடு. அதற்கு அனுமதி கட்டாயம். எதற்கும் கவுன்சிலில் 'லாஃபுல்னஸ் சர்டிஃபிகேட்' (இந்தப் பயன்பாடு சட்டப்படி சரி என்ற சான்று) வாங்கிவிடுங்கள், விற்கும்போதும் உதவும். பில்டிங் ரெகுலேஷன்ஸ், அதாவது கட்டுமானத் தர விதிகள், வேறு விஷயம், அதைத் தவிர்க்க முடியாது. இந்தக் கட்டடங்களின் சுவர் பல இடங்களில் ஒற்றைச் செங்கல்தான். ஜனவரி மாதக் காலையில் உள்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், ஈரம் ஒட்டும். வயதானவர்களை அந்தக் குளிரில் படுக்க வைக்காதீர்கள்.

கேள்வி: அனுமதி வாங்காமல் நான்கு வருஷம் சத்தமில்லாமல் குடியிருந்தால் கவுன்சில் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்களே?

பதில்: அது பழைய கதை. 2024 ஏப்ரல் 25 முதல் இங்கிலாந்தில் அந்தக் கெடு 10 வருஷம். அதற்கு முன்பே குடியிருப்பாக மாறிவிட்ட கட்டடத்துக்கு மட்டும் பழைய நான்கு வருஷக் கணக்கு செல்லும். ஒளித்து வைத்திருந்தால் அதுவும் கைகொடுக்காது. வெல்வின் ஹாட்ஃபீல்டில் வைக்கோல் கொட்டகைக்கு என்று அனுமதி வாங்கி, வெளியே கொட்டகை, உள்ளே வீடு என்று கட்டிக் குடியிருந்தார் ஒருவர். நான்கு வருஷம் முடிந்துவிட்டது என்று வாதாடினார். 2011-இல் சுப்ரீம் கோர்ட் ஏற்கவில்லை.

கேள்வி: நார்ஃபோக்கில் ஒரு தானியக் கொட்டகை விற்பனைக்கு வந்திருக்கிறது. 'கிளாஸ் கியூ கிடைக்கும்' என்கிறார் ஏஜென்ட். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். கிளாஸ் கியூ என்பது விவசாயக் கட்டடத்தை வீடாக்க, முழு விண்ணப்பம் இல்லாமல் 'பிரையர் அப்ரூவல்' (கவுன்சிலின் சுருக்கமான முன் ஒப்புதல்) வழியாகப் போகும் குறுக்குப் பாதை. 2024 மே மாதத் திருத்தத்துக்குப் பிறகு பத்து வீடு வரை, மொத்தம் 1,000 சதுர மீட்டர், ஒரு வீடு 150 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. தேசியப் பூங்காவுக்குள் இது செல்லாது.

பலர் அடிபடுவது கட்டடத்தின் எலும்புக்கூட்டில்தான். கட்டடம் ஏற்கெனவே மாற்றத்தைத் தாங்கும் நிலையில் இருக்க வேண்டும். மூன்று பக்கம் பெரும்பாலும் திறந்து கிடந்த இரும்புச் சட்டக் கொட்டகையை மாற்ற முயன்ற வழக்கில், இது மாற்றுவதல்ல, புதிதாகக் கட்டுவது என்று 2016-இல் ஹைகோர்ட் சொன்னது. அதனால் முதல் செலவு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு, ஆர்க்கிடெக்டுக்கு அல்ல. தோட்டக் கனவையும் குறைத்துக்கொள்ளுங்கள்: கட்டடம் நிற்கும் பரப்பளவுக்கு மேல் தோட்டம் தர மாட்டார்கள். ஒப்புதல் வந்த மூன்று வருஷத்துக்குள் வேலையும் முடிய வேண்டும்.

உத்தரத்துக்குக் கீழே கருப்பாகச் சின்னச் சின்னப் புழுக்கை கிடக்கிறதா? கையுறை போட்டுக்கொண்டு நசுக்கிப் பாருங்கள். பொடிப்பொடியாக உதிர்ந்தால் வௌவால், கெட்டியாக இருந்தால் எலி. வௌவால் சட்டப் பாதுகாப்பு பெற்றது. அதனால் முதலில் அவை அந்தியில் வெளியே பறப்பதை எண்ண வேண்டும்; அந்த சர்வே மே முதல் செப்டம்பர் வரைதான்; அக்டோபரில் வாங்கினால் அடுத்த கோடை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கேள்வி: பண்ணை வீடுதான் லிஸ்டட் (பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடம்). பக்கத்துக் குதிரை லாயத்தை நாங்களே மாற்றலாம்தானே?

பதில்: லாயம் 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே அந்த வளாகத்தில் நிற்கிறது என்றால் பொதுவாக அதுவும் லிஸ்டட் கணக்கில் சேரும். கிளாஸ் கியூ கிடையாது. முழு பிளானிங் விண்ணப்பத்தோடு லிஸ்டட் பில்டிங் கன்சென்ட்டும் (அத்தகைய கட்டடத்தை மாற்றத் தனி ஒப்புதல்) வேண்டும். கன்சென்ட் இல்லாமல் கை வைப்பது குற்றம். கவுன்சிலில் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் கன்சர்வேஷன் ஆபீசரைப் பார்க்கும் வரை ஒரு பழைய கதவைக்கூடக் கழற்றாதீர்கள்.