எபிடினோகார்சிஸ், அனாகைரஸ்: மரவள்ளி ஒட்டுண்ணி ஒன்றா, இரண்டா?

கேள்வி: மரவள்ளி மாவுப்பூச்சிக்கு 'அனாகைரஸ் லோபெசி' குளவியை விடச் சொல்கிறார்கள். ஆனால் பழைய ஆப்பிரிக்கக் கட்டுரைகளில் 'எபிடினோகார்சிஸ் லோபெசி' என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றா? வயலில் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஒன்றேதான், தயங்காமல் விடுங்கள். 1964-ல் அர்ஜென்டினாவின் பூச்சியியலாளர் டி சாண்டிஸ் இதற்கு முதலில் வைத்த பெயர் அபோஅனாகைரஸ் லோபெசி. அப்புறம் எபிடினோகார்சிஸ் என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதியில், சேர்த்தார்கள். 1981-ல் பராகுவேயிலிருந்து கொண்டுபோய் நைஜீரியாவில் விட்டார்கள் அல்லவா, ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களின் சோற்றையே காப்பாற்றிய அந்த வேலையைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இந்தப் பெயரில்தான் வந்தன. இப்போது அது அனாகைரஸ். இந்தக் குளவிக் குடும்பத்தில் உணர்கொம்பின் வடிவம் மாதிரி நுண்ணிய அடையாளங்களை வைத்தே பேரினங்களைப் பிரிக்கிறார்கள், அதனால் மறு ஆய்வு நடக்கும்போதெல்லாம் முன்பெயர் மாறும். நீங்கள் 'லோபெசி'யைப் பிடித்துக்கொள்ளுங்கள், அது மாறாது. அறிவியல் பெயருக்குப் பின்னால் டி சாண்டிஸ் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தால், முதலில் வைத்த பேரினத்திலிருந்து இனத்தை மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். 2022-ல் சேலம் ஏத்தாப்பூரில் விட்டதும் இதே குளவிதான்.

சரி, அடையாளம். பத்து மடங்கு லென்ஸ் வேண்டும், ஏனென்றால் உடல் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர்தான். பெண்ணின் கொம்பைப் பாருங்கள்: அடிக்கணு தட்டையாக அகன்று, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டிருக்கும். ஆணுக்கு இந்தப் பட்டை கிடையாது. நடுக்காலின் முனையில் பெரிய முள் ஒன்று உண்டு, அந்தக் கால்தான் அதைத் துள்ளவைக்கிறது. முட்டையிடும் ஊசி மாவுப்பூச்சிக்கு மட்டும்தான், மனிதர்களைக் கொட்டாது. முட்டையிடாத நேரத்திலும் பெண் குளவி சின்ன மாவுப்பூச்சிகளைக் குத்தி அவற்றின் சாற்றைக் குடித்தே கொல்லும், இந்தக் கொலைக்கணக்கைப் பலர் கவனிப்பதில்லை.

ஆனால் முதலில் உங்கள் மாவுப்பூச்சி எது என்று பாருங்கள். மாவை விலக்கினால் இளஞ்சிவப்பாக இருந்தால் லோபெசி வேலை செய்யும். மஞ்சளாக இருந்தால் அநேகமாகப் பப்பாளி மாவுப்பூச்சி, அதுவும் மரவள்ளியில் ஏறும், அதற்கு 2010-ல் வந்த அசெரோபேகஸ் பப்பாயே என்ற வேறு குளவி வேண்டும்.

விட்ட பிறகு மருந்து அடிக்காதீர்கள், எறும்பையும் கட்டுப்படுத்துங்கள், அது மாவுப்பூச்சிக்குக் காவல் நின்று குளவியை விரட்டும். சில வாரங்களில் நுனிக்குருத்தில் பழுப்பாக, உப்பலாக, கெட்டியான கூடுகளாக இறந்த மாவுப்பூச்சிகள் தெரியும். அவற்றுக்குள்தான் அடுத்த தலைமுறை வளர்கிறது, ஆகவே அந்த நுனிகளை ஒடித்து எரித்துவிடாமல் செடியிலேயே விட்டுவிடுங்கள்.