ஒலிம்பிக்கில் ஏன் இல்லை? அக்ரோ பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்

இங்கிலாந்தில் ஓர் உள்ளூர் கிளப்பில் பதினோரு வருடம் பிள்ளைகளுக்கு அக்ரோபாட்டிக் ஜிம்னாஸ்டிக்ஸ், சுருக்கமாக அக்ரோ, சொல்லிக்கொடுத்தேன். போன வாரம் மூன்று பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி நிற்கிற படம் ஒன்றைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, இது சர்க்கஸ்தானே? இதில் போட்டி எங்கே வந்தது?

சர்க்கஸுக்கும் இதற்கும் உறவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இது முழுக்க விதிப்படி நடக்கிற போட்டி. 12 மீட்டருக்கு 12 மீட்டர் தளம், இசை, அவ்வளவுதான். கம்பி, வளையம் எதுவும் கிடையாது, கூட ஆடுகிற ஆள்தான் கருவி. ஆண்கள் ஜோடி, பெண்கள் ஜோடி, கலப்பு ஜோடி, மூன்று பெண்கள் குழு, நான்கு ஆண்கள் குழு என்று ஐந்து பிரிவு. பேலன்ஸ் ஆட்டத்தில் ஒரு நிலையை மூன்று விநாடி ஆடாமல் பிடித்துக்காட்ட வேண்டும். டைனமிக் ஆட்டத்தில் ஆளைத் தூக்கி வீசி, அவர் காற்றில் சுழன்று வர, பிடிக்க வேண்டும். மூன்றாவது ஆட்டத்தில் இரண்டும் கலந்து வரும். என்னென்ன செய்யப்போகிறோம் என்பதைப் படக்குறிகளோடு ஒரு தாளில் எழுதி முன்கூட்டியே நடுவர்களிடம் கொடுத்துவிட வேண்டும், மேடையில் போய் மனசுக்குத் தோன்றியதைச் செய்ய முடியாது.

கேள்வி: மேலே நிற்கிற குட்டிப் பெண்தான் எல்லாம் செய்கிறாள், கீழே இருப்பவர் சும்மா தாங்குகிறார், சரியா?

தப்பு. இதற்குத்தான் நீளமாகப் பதில் எழுத ஆசை.

கீழே இருப்பவரை பேஸ் என்போம், மேலே இருப்பவர் டாப். பேஸின் கைமேல் டாப் கை ஊன்றித் தலைகீழாக நிற்கிறாள் என்று வையுங்கள். யார் பேலன்ஸ் செய்கிறார்? பேஸ்தான். டாப் உடம்பை மரக்கட்டை மாதிரி இறுக்கி வைத்திருக்க வேண்டும், அவளும் சரிசெய்யப் போனால் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து விழுந்துவிடுவார்கள். ஒரு சின்னப் பிள்ளைக்கு இதைப் புரியவைக்க எனக்கு மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது, ஏனென்றால் விழப்போகிறோம் என்று தெரிந்ததும் தானாக நெளிவதுதான் உடம்பின் இயல்பு, அதை அடக்கி "கீழே இருப்பவள் பார்த்துக்கொள்வாள்" என்று விட்டுவிட வேண்டும். டாப்பின் பாதம் பேஸின் கையில் நிற்கும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள்: குதிகால் உள்ளங்கையில் அழுந்தியிருக்கும், விரல்கள் குதிகாலைச் சுற்றிப் பிடித்திருக்கும், அந்த விரல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். கைதட்டல் என்னவோ மேலே இருப்பவளுக்குத்தான் போகிறது, எனக்கு அது இன்றைக்கும் ஆறாத வருத்தம்.

கேள்வி: மல்லர் கம்பம் மாதிரியா?

வலிமையும் வளைவும் ஒன்றுதான். ஆனால் கம்பம் அசையாது, ஆள் அசைவார்.

கேள்வி: இவ்வளவு கஷ்டமான விளையாட்டு ஒலிம்பிக்கில் ஏன் இல்லை?

எல்லோரும் கேட்பது இதைத்தான். முதலில் கொஞ்சம் வரலாறு. இந்த விளையாட்டுக்கு 1973இல்தான் தனி உலகச் சம்மேளனம் வந்தது, முதல் உலகப் போட்டி 1974இல் மாஸ்கோவில். இருபத்தைந்து வருடம் தனி வீடாக இருந்துவிட்டு, 1990களின் கடைசியில்தான் சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் சம்மேளனத்தோடு சேர்ந்தது. பந்து, ரிப்பனோடு ஆடுகிற ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் 1984லேயே ஒலிம்பிக்குக்குள் போய்விட்டது, துள்ளுகிற வலையில் குதித்துச் சுழல்கிற டிராம்போலின் 2000 சிட்னியில் நுழைந்தது. நாம் குடும்பத்தில் சேரும்போது பந்தி ஏற்கெனவே நிறைந்திருந்தது.

இப்போதைய சிக்கல் தலைக்கணக்கு. பாரிஸ் 2024இல் ஜிம்னாஸ்டிக்ஸுக்கு மொத்தம் 318 இடம்: கம்பி, வளையம் எல்லாம் வருகிற வழக்கமான ஆர்ட்டிஸ்டிக் 192, ரிதமிக் 94, டிராம்போலின் 32. ஒரு நாடு அக்ரோவின் ஐந்து பிரிவுக்கும் ஆள் அனுப்பினால் 13 பேர், எட்டு நாடு வந்தால் நூறைத் தாண்டிவிடும். ஒலிம்பிக்கில் மொத்த வீரர் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கிறது, ஆகவே யாரிடமிருந்தாவது பிடுங்கித்தான் நமக்குத் தர வேண்டும், யார் விட்டுக்கொடுப்பார்கள்? அப்புறம், உயர்மட்டத்தில் ஆடும் நாடுகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் சீனா மாதிரிச் சில இடங்களிலும்தான். ஆப்பிரிக்காவில் மிகக் குறைவு.

என் கருத்து: ஐந்தையும் கேட்காமல் கலப்பு ஜோடியை மட்டும் கேட்க வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே ஆட்டத்தில், சமமாக. பன்னிரண்டு ஜோடி என்றால் 24 பேர், டிராம்போலினைவிடக் குறைவு. ஆண்கள் நால்வர் குழுவின் கோபுரத்தை ஒலிம்பிக் அரங்கில் பார்க்க முடியாமல் போகுமே என்று மனசு அடித்துக்கொள்கிறது, ஆனாலும் கதவு திறக்க இதுதான் வழி என்று நினைக்கிறேன்.

கேள்வி: அப்படியானால் ஒலிம்பிக் பக்கமே வந்ததில்லையா?

வந்திருக்கிறது. 2018 பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் கலப்பு ஜோடி மட்டும் இருந்தது, பல்கேரியாவின் மரியேலா கோஸ்தாதினோவாவும் பனயோத் திமித்ரோவும் தங்கம் வென்றார்கள். அதே இடத்தில் ஆர்ட்டிஸ்டிக், ரிதமிக், டிராம்போலின், அக்ரோ எல்லோரையும் நாடு பார்க்காமல் கலந்து அணி பிரித்து ஒரு போட்டி வைத்தார்கள், எனக்கு மிகவும் பிடித்துப்போனது அதுதான். 2015 பாகு, 2019 மின்ஸ்க் ஐரோப்பிய விளையாட்டுகளில் பெண்கள் குழுவும் கலப்பு ஜோடியும் இருந்தன. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்கான உலக விளையாட்டுகள் என்று ஒன்று நடக்கிறதே, அங்கே நாம் பழைய ஆள்.

இன்னொன்றும் சொல்கிறேன். 2010இல் பிரிட்டனின் டிவி திறமைப் போட்டியில் ஜெயித்த ஸ்பெல்பவுண்ட் என்கிற அக்ரோ குழு, லண்டன் 2012 ஒலிம்பிக்கின் நிறைவு விழாவில் ஆடியது. காட்சிக்கு அழைத்தார்கள், பதக்கத்துக்கு அழைக்கவில்லை. அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

கேள்வி: ஆசிய விளையாட்டு, காமன்வெல்த்?

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ஆர்ட்டிஸ்டிக், ரிதமிக், டிராம்போலின். 2022 பர்மிங்காம் காமன்வெல்த்தில் ஆர்ட்டிஸ்டிக்கும் ரிதமிக்கும். இரண்டிலும் அக்ரோ இல்லை.

கேள்வி: மேடம், என் மகளுக்கு 13 வயது, வகுப்பிலேயே உயரம். ஜிம்னாஸ்டிக்ஸுக்கு லாயக்கில்லை என்று ஓர் இடத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அழைத்துக்கொண்டு போங்கள், அக்ரோவுக்கு. எனக்குக் கிடைத்த மிக நல்ல பேஸ்களில் இரண்டு பேர் இப்படி வேறு இடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வந்தவர்கள்தான். உயரமும் அகன்ற தோளும் இங்கே குறையே இல்லை. முதல் நாளே யாரையும் தூக்கச் சொல்ல மாட்டார்கள், பயப்படாதீர்கள். கைகளைத் தலைக்குமேல் பூட்டி, விலா எலும்பை உள்ளே இழுத்து, சுவரில் முதுகு ஒட்ட நிற்கச் சொல்வார்கள். முதல் சில வாரம் பெரும்பாலும் அதுதான். வீட்டுக்கு வந்து "அம்மா, சும்மா நிற்கத்தான் வைக்கிறார்கள்" என்று சொன்னால், நிறுத்திவிடாதீர்கள்.