படத்தில் கை எங்கே தெரிகிறது?

அன்புள்ள அக்கா,

தம்பலகாமத்திலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஏழு வயது. பிறந்த நேரத்திலேயே மூளையின் இடது பக்கத்துக்கு இரத்தம் போவது தடைப்பட்டிருக்கிறது என்றார்கள். வலது கை அன்றிலிருந்தே பலவீனம், காலையும் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பான். மூன்று வயதில் வலிப்பு தொடங்கியது. மூன்று மருந்து கொடுத்தும் நிற்கவில்லை, சில நாட்களில் ஐந்தாறு தடவை வருகிறது. இப்போது கொழும்பில், இடது பக்க மூளையில் சத்திர சிகிச்சை செய்யலாம் என்கிறார்கள். டொக்டர் எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டு, "கை இப்போது இருப்பதை விடப் பெரிதாக மோசமாகாது" என்றார். வெளியே நிறையப் பேர் காத்திருந்ததால் மேலே கேட்காமல் வந்துவிட்டேன். பாதி மூளையை எடுத்தால் கை எப்படித் தப்பும்? படத்தில் அது எப்படித் தெரியும்? நடக்கிற பிள்ளையைப் படுக்க வைத்துவிடாதே என்று மாமியார் அழுகிறார். என் பெயரைப் போட வேண்டாம்.

*

அன்புள்ள தங்கச்சி,

நான் டொக்டர் இல்லை, உங்கள் மகனின் படத்தைப் பார்த்ததும் இல்லை. ஆனால் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்த காலம் முழுவதும் இப்படிப்பட்ட பிள்ளைகளின் கைகளோடுதான் இருந்தேன். அவர் படத்தில் எதைப் பார்த்திருப்பார் என்று சொல்ல முடியும்.

முதலில் ஒன்று. பாதி மூளையை அப்படியே வெளியே எடுப்பது பழைய முறை. 1970களில் மொன்றியலில் ரஸ்முசன் என்ற சத்திர சிகிச்சை நிபுணர் அதை மாற்றினார். இன்று பெரும்பாலும் அந்தப் பக்கத்தின் இணைப்புகளைத் துண்டித்துவிட்டு, மூளையின் பெரும்பகுதியை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகிறார்கள். வலிப்பு அங்கே பிறந்தாலும் மற்றப் பக்கத்துக்கும் உடம்புக்கும் போக வழி இருக்காது.

இனி கைக்கு வருவோம். கை காலை அசைக்கிற நரம்பு நார்கள் மூளையின் மேல்பகுதியிலிருந்து கட்டாக இறங்கி, மூளைத்தண்டின் அடியில் பெரும்பாலும் பக்கம் மாறுகின்றன. அதனால்தான் இடது மூளை வலது கையை ஆள்கிறது. ஆனால் பிறந்த குழந்தைக்கு ஒவ்வொரு பக்க மூளையிலிருந்தும் இரண்டு கைக்கும் நார்கள் போகும். முதல் இரண்டு வருடங்களுக்குள் பக்கம் மாறாத நார்கள் மெல்லப் பின்வாங்கிவிடும். இடது மூளை பிறக்கும்போதே அடிபட்டிருந்தால், வலது மூளையிலிருந்து வலது கைக்குப் போகும் நார்கள் பின்வாங்காமல் நின்றுவிடலாம்.

கந்தளாய்க் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஊர்க்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். தண்ணீர் வராத வாய்க்கால் என்னவாகும்? தூர்ந்து ஒடுங்கிப்போகும். வயல் பச்சையாக இருந்தால், தண்ணீர் வேறு வாய்க்காலால் வருகிறது என்று அர்த்தம். நரம்புக் கட்டும் அப்படித்தான். அது நடுமூளை வழியாக இறங்கும் இடத்தில், குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல எடுத்த படத்தில், இரண்டு பக்கமும் இரண்டு தண்டுகள் தெரியும். இடது தண்டு வலதை விட நன்றாகச் சுருங்கியிருந்தால், அந்த வழி எப்போதோ கைவிடப்பட்டுவிட்டது. அப்படியிருந்தும் பிள்ளை வலது கையால் எதையாவது பிடிக்கிறான் என்றால், அந்தக் கட்டளை வலது மூளையிலிருந்து வருவதற்கே வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே ஓடாத வாய்க்காலைத்தான் வெட்டப்போகிறார்கள். இன்னொரு வகை எம்.ஆர்.ஐ.யும் உண்டு. நார்களின் வழியே நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் பரவுகின்றன என்று அளந்து, இரண்டு பக்கக் கட்டுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

இந்த ஸ்கேன்கள் எதுவும் இல்லாத காலத்திலேயே கைகள் இதைக் காட்டிவிட்டன. 1950இல் ஜொகன்னஸ்பேர்க்கில் கிரைனாவ் என்பவர், குழந்தைப் பருவத்திலேயே ஒரு பக்கம் பலவீனமான 12 பேருக்குச் செய்த சத்திர சிகிச்சை பற்றி எழுதினார். பாதி மூளையை எடுத்த பிறகும் அந்தப் பலவீனம் பெரும்பாலும் கூடவில்லை.

எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தாது. ஆறேழு வயது வரை ஓடியாடி எழுதிக்கொண்டிருந்த பிள்ளைக்கு, ஒரு பக்க மூளையை மட்டும் தாக்கும் அழற்சி திடீரென்று வருவதுண்டு. அந்தப் பிள்ளையின் படத்தில் இரண்டு தண்டும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கலாம். அதே சத்திர சிகிச்சையில் அந்தப் பிள்ளை விரல்களின் நுண்ணிய அசைவை இழந்துவிடும். அப்படி ஒரு தாயிடம் அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு பிள்ளையின் கையைத் தூக்கி என்னிடம் காட்டி, "இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என் மனதில் கிடக்கிறது. உங்களுக்கு இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

வீட்டிலேயே ஒன்றைப் பாருங்கள். மகனை இடது கை விரல்களை மட்டும் மெதுவாக மடக்கி விரிக்கச் சொல்லுங்கள். வலது கை விரல்களும் தன்பாட்டில் கூடவே அசைகின்றனவா? அசைந்தால், ஒரே பக்க மூளை இரண்டு கையையும் ஆள்கிறது என்பதற்கு அது ஒரு நல்ல அறிகுறி. அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம், டொக்டரிடம் சொல்லுங்கள்.

மாமியாரிடம் நடையைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள். தோளையும் காலையும் அசைக்க வேறு நரம்பு வழிகளும் உதவுகின்றன. முன்பு நடந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் பிறகும் நடக்கிறார்கள். ஆனால் முதல் சில வாரங்கள் உடம்பு தளர்ந்துதான் இருக்கும், அதைக் கண்டு வீடு பயந்துவிடக் கூடாது. கடைசியாகத் திரும்புவது விரல்கள்தான், அவையும் பழைய அளவுக்கு மேல் வருமென்று எதிர்பார்க்க வேண்டாம்.

இதில் பலரும் மறப்பது பார்வை. இடது பக்கத்தைத் துண்டித்தால் இரண்டு கண்ணிலும் வலப்பக்கப் பார்வை போய்விடும். உங்கள் மகனுக்கு அது ஏற்கெனவே குறைந்திருக்கவும் கூடும். கண்டி வீதியைக் கடக்கும்போது வலப்பக்கம் தலையைத் திருப்பிப் பார்க்க இப்போதே பழக்குங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு முன் கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத் தண்டுகளின் அளவில் எவ்வளவு வித்தியாசம்? விரல், தோள், நடை ஒவ்வொன்றுக்கும் என்ன எதிர்பார்க்கலாம்? பேச்சு எந்தப் பக்கத்தில் இருக்கிறது? வலிப்பு நிற்க எவ்வளவு வாய்ப்பு? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் கேளுங்கள்.

போவதற்கு முன், அவன் சட்டைப் பொத்தான் போடுவதையும், சோற்றுக் கோப்பையை வலது கையால் அணைத்துப் பிடிப்பதையும், முற்றத்தில் நடப்பதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். பிறகு அவனுக்குப் பயிற்சி கொடுக்கப்போகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
அக்கா